மார்கரெட் டீச்சரை ஊருக்கு அனுப்பிய கதை

வெளிநாட்டு ஆசிரியரை வேலைக்கு எடுப்பது ஒரு மாச வேலை. அவரை ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாடு. விண்ணப்பப் பாரம் நிரப்பியே விரல் தேய்ந்த ஆபீஸ் ஜனங்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.

நான் மலேசியாவில், ஜொகூரின் பெர்மாஸ் ஜெயா பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கிளார்க். ஒப்பந்தம் முடிந்து போகிற ஆசிரியருக்கு, வரி பாக்கி இல்லை என்று வரி அலுவலகம் கடிதம் தரவேண்டும். அதுவரை கடைசிச் சம்பளம் எங்களிடமே நிற்கும். எங்கள் ஆங்கில ஆசிரியை மார்கரெட் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பத் தயாரானார். அங்கே மகளுக்குத் தலைப்பிரசவம். பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று, அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார். கடிதம் வாங்காமல் கிளம்பவும் மாட்டாராம். வசமாக மாட்டிக்கொண்டது நான்.

சிவப்பு மை

பாரத்தை நிரப்பி டீச்சரிடம் கையெழுத்துக்கு அனுப்பினேன். கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. நாலு இடத்தில் சிவப்பு மையில் திருத்தம், ஓரத்தில் பத்துக்கு ஏழு மார்க். இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு மார்க் போட்ட முதல் ஆள் அவர்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கோடு, போகும் காரணம் என்ற கட்டத்தில். "ஒரேயடியாக நாடு திரும்புகிறார்" என்று எழுதியிருந்தேன். என்ன தப்பு என்று போய்க் கேட்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டு டீச்சர் சொன்னார்: "நாடு திரும்புறேன்னு எழுது செல்வி. ஒரேயடியான்னு யார் சொன்னா? டுரியான் சீசனுக்கு வருவேன் லா."

சனிக்கிழமை சீஸ்

இந்த வருஷம் எந்தெந்த நாள் மலேசியாவில் இல்லை என்று தேதி கேட்டேன். ஜொகூர் ஆசிரியர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. சனிக்கிழமையானால் பாதிப் பேர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் இருப்பார்கள். மற்றவர்கள் பாஸ்போர்ட்டைத் தூக்கிப்போட்டு நீயே பார்த்துக்கொள் என்பார்கள். மார்கரெட் டீச்சரோ பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தார். போன நேரம், வந்த நேரம், யாரோடு சாப்பிட்டார், என்ன சீஸ் வாங்கினார், மழை பெய்ததா, எல்லாம் இருந்தது.

பக்கத்து மேசை நோர்மா மலாய்க்காரி, எங்களோடு இருந்து இருந்தே தமிழ் படித்தவள். நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அலமாக், இது வரிக்கா, இல்ல கல்யாணம் பேசவா?"

தங்காக்கில் பேரன் துணி

திருத்திய பாரத்தை அன்றைக்கே அனுப்பவேண்டும். டீச்சரைக் காணோம். போன் போட்டால் ரெண்டு மணி நேரத் தூரத்தில், தங்காக் ஊர்த் துணிக்கடையில் இருக்கிறாராம், பிறக்கப்போகிற குழந்தைக்குப் பருத்தித் துணி வாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உங்கள் டிக்கெட்டுக்காகத்தானே நான் இங்கே நாயாய் அலைகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துணிக்கடைக்காரர் கைக்குப் போன் போய்விட்டது. அவர் நிதானமாகச் சொன்னார்: "அக்கா, பாரத்தை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க, பிரிண்ட் எடுத்து நானே கையெழுத்து வாங்கித் தர்றேன். அம்மா இன்னும் ரெண்டு கடை பாக்கணுமாம், அவசரப்படுத்தாதீங்க."

கடைசி வெள்ளிக்கிழமை

சனிக்கிழமை காலையில் விமானம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் கடிதம் தயார் என்று போன் வந்தது. டீச்சரையும் நோர்மாவையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் ஜாம். போய்ச் சேர்ந்தபோது தொழுகை நேரத்துக்குக் கவுண்டர் மூடியாகிவிட்டது. மூணு பேரும் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

ரெண்டரை மணிக்கு டீச்சரின் போன் அடித்தது. மருமகன். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே, சற்றுமுன் பேரன் பிறந்துவிட்டான், தாயும் பிள்ளையும் சுகம். டீச்சர் அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு வாரம் முன்னால் கடிதம் வாங்கியிருந்தால், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இந்தம்மா மகள் பக்கத்தில் இருந்திருப்பாரே. மன்னிச்சிருங்க டீச்சர் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கவுண்டர் திறந்து எங்கள் நம்பரைக் கூப்பிட்டது ஒருத்தர் காதிலும் விழவில்லை. மருமகன் போனில் அனுப்பிய பேரன் படம் ஹால் முழுக்கக் கை மாறிக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து, அதிகாரி அம்மாவே கடிதத்தோடு எழுந்து வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தவர், டீச்சரைக் கட்டிக்கொண்டு மலாயில் சொன்னார்: "நல்ல பிள்ளை, பாட்டிக்குப் பேப்பர் முடியற வரைக்கும் காத்திருந்தா பள்ளிக்கூடம் போற வயசாயிடும்னு தெரிஞ்சிருக்கு."

இந்த வருஷம் மூணு ஆசிரியர்கள் கிளம்புகிறார்கள். பாஸ்போர்ட் நகல் கேட்பதற்கு முன்னால், வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் விசாரிக்கிறேன்.