செலின் மேடமும் கழிவுநீர் வண்டியும்

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விவேக் நகர் முதியோர் வகுப்பில் போன வருடம்தான் எழுதப் பழகினேன். ஒவ்வொரு வரியும் எனக்குத் திருவிழா.

செலின் மேடம் இறந்துபோய்விட்டார் என்று சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது சொன்னார்கள். எங்கள் வால்வு கம்பெனியில் அவர் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவி. நான் கேட் காவலாளி. எந்த மென்பொருள் வாங்குவதற்கு முன்பும், ஆர்டர் வரும் மேசையிலிருந்து சரக்கு ஏறும் லாரிவரை நடந்தே பார்ப்பார். "குழப்பத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினா வேகமான குழப்பம்தான் கிடைக்கும் அண்ணே" என்பார்.

ஒருநாள் டைரக்டர் வரதன் சாரும் அவரும் கேட்டருகே நின்று பேசினார்கள்.

"சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்புற கம்பெனின்னு நாம பேர் வாங்கணும்" என்றார் சார்.

"அப்போ அந்தந்தப் பிரிவே அனுமதி கொடுக்கட்டும் சார்."

"அதெல்லாம் வேண்டாம். போன்ல நான் ஓகே கொடுக்காம எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது."

"எந்த வண்டியுமா?"

"எந்த வண்டியும்!"

மேடம் கம்ப்யூட்டரில் அப்படியே செய்து கொடுத்தார்; சார் ஓகே கொடுக்காமல் கேட் திறக்காது.

சாருடைய மகள் கல்யாணத்தன்று கேட்டுக்குள் லாரிகள் வரிசையாக நின்றன. முதலில் நின்றது கழிவுநீர் வண்டி. போன் போட்டேன். மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"தாலி கட்டப் போறாங்கய்யா!"

"வண்டி நிறைஞ்சிருக்கு சார். ஓகே பண்ணுங்க."

மறுநாளே அனுமதி கொடுக்கும் அதிகாரம் அந்தந்தப் பிரிவுகளுக்குப் போனது. சரக்கு நேரத்துக்குப் போனது. கம்பெனிக்கு விருது வந்தபோது, எல்லாம் தன் திட்டம் என்று மேடையில் சொன்னார் வரதன் சார். மேடத்தை ஊருக்கு வெளியே ஒரு குடோனுக்கு மாற்றினார். ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.

மேடத்தை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்திலும் சார் விடவில்லை. "திட்டம் என்னுடையது. செலின் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்" என்று பேசினார்.

"கழிவுநீர் வண்டிக்கு மணமேடையில ஓகே கொடுத்ததும் உங்க திட்டமா சார்?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

முதலில் சிரித்தவர் மேடத்தின் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு எல்லாரும். சார் பேச்சை முடிக்காமலே காருக்குப் போனார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: குரலை உயர்த்தாமல், கேட்டவருக்குக் கேட்டதையே கொடுப்பது. வரதன் சார் இதை மறுத்தால் மிகவும் நல்லது. அப்படி மறுத்தால், அந்தக் குடோனில் நடந்ததையும் அடுத்த வாரமே எழுதித் தருகிறேன்.