ஓடையில் கட்டிய வெள்ளைத் துணி

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கொழுந்தனும் அவர் மனைவியும் இறந்துபோன பிறகு அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் என் கையால்தான் சோறு தின்று ஆளானார்கள். ஏழு பேரும் இன்று நல்லபடியாக இருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. வத்திராயிருப்புக்காரி. மதுரையில் ஒரு காலேஜில் கிருமிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். எண்பதுகளின் கடைசி அது. அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் ஓடையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். நான் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மலையில் மழை பெய்தால் எங்கள் வீடுகளின் பின்னால் ஓடையில் தண்ணீர் வரும். மேற்கே மாந்தோப்புகள். அதைத் தாண்டி எங்கள் தெரு, பெண்கள் துவைக்கிற கல். அதற்கும் கீழே ஒரு தடுப்பணை. அணையில் தேங்குகிற தண்ணீரில்தான் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதித்து ஆடும். செட்டியார்பட்டியிலிருந்துகூடச் சைக்கிளில் வருவார்கள். என் கடைக்குட்டிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீடே அதுதான்.

அந்த வருஷம் அவனுக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தான், ஆனால் முடியெல்லாம் கொட்டிக் குச்சியாகிப் போனான். ஓடைத் தண்ணீராக இருக்கலாம் என்றார் டாக்டர். தெரு ஒப்புக்கொள்ளவில்லை. மலையிலிருந்து ஓடிவருகிற தண்ணீர் கெடுமா, பஸ் ஸ்டாண்டில் விற்கிற குச்சி ஐஸ்தான் காரணம் என்றார்கள். தண்ணீரேதான் என்றாலும் அது மேற்கே தோப்பில் மேய்கிற மாடுகளின் வேலை என்றார்கள். யாரை நம்புவது? ஓடைப் பக்கம் போகக்கூடாது என்று அவனைத் தடுத்துவிட்டேன். மற்ற பிள்ளைகள் குதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பின்வாசல் நிலையைப் பிடித்தபடி நிற்பான்.

“எம்மா, எப்பம்மா விடுவ?”

பெற்ற பிள்ளைக்குச் சொல்லப் பதில் இல்லாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

அப்போதுதான் அந்தப் பெண் எங்கள் வேலையிடத்துக்கு வந்து பேண்டேஜ் துணி கேட்டாள். யாருக்குக் காயம் என்று கேட்டேன்.

“யாருக்கும் இல்லக்கா. ஓடைக்குள்ள போடணும்.”

“ஓடைக்கு எங்கத்தா அடிபட்டுருக்கு, கட்டுப்போட?”

கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு விளக்கமாகச் சொன்னாள். துணியைத் தடிமனாக மடித்து, கயிற்றில் கட்டி, ஓடுகிற தண்ணீரில் சில நாள் விட்டுவைத்தால், போகிற வருகிற கிருமியெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளுமாம். பிறகு மதுரைக்கு எடுத்துப்போய் வளர்த்துப் பார்ப்பார்களாம். மடித்து மடித்துக் கை மரத்துப்போன துணி அது. அது என் பிள்ளைக்குப் பதில் கொண்டுவரப் போகிறது. என் வீட்டுக்கே வா என்று கூட்டிக்கொண்டு போனேன்.

துணியை அலசிப் பேப்பரில் சுற்றி என் குக்கரிலேயே வேகவைத்தாள். துணியில் ஏற்கெனவே இருக்கிற கிருமி முதலில் சாக வேண்டுமாம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினாள். தோப்புப் பக்கம் ஒன்று, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று, அணையில் ஒன்று என்று கரையில் முளை அடித்துக் கட்டினாள். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அம்புட்டுச் சுத்தம்.

சில நாள் கழித்து எடுக்க வந்தாள். நானும் கூடப் போனேன். தோப்புத் துணி இருந்தது. துவைக்கிற கல்லுக்கு வந்தால் துணி மஞ்சளாக இருந்தது! நடுவில் குங்குமம் வேறு. எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு மூத்தம்மா இருந்தார். கல்லில் துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏமம்மா, நீயா கட்டுன? வெள்ளத்துணிய ஓடுற தண்ணியில கட்டுவாகளா? சாவு வீடா இது? பிள்ளைக குளிக்கிற எடம். அதான் மஞ்சத் தண்ணியில முக்கி, பொட்டு வச்சுக் கட்டுனேன்.”

மஞ்சள் பட்டால் கிருமி சாகும் என்பது எனக்கே தெரியும். மதுரையிலிருந்து வந்தது வீண், கட்டியது வீண். வேறொருத்தியாக இருந்தால் கத்தியிருப்பாள். இவள் அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“ஒரு எடம் விடாமப் பூசியிருக்கீக பாட்டி. நல்ல கை.”

“பின்ன? அரைகுறையாச் செய்யுறது எனக்கு ஆகாது.”

“தப்பு எம்மேலதான். ஒங்ககிட்டச் சொல்லிட்டுல்ல கட்டியிருக்கணும்? இப்பிடிச் செய்வோம். புதுசாக் கட்டுதேன். துணி வெள்ளையாவே இருக்கட்டும். மஞ்சளு, குங்குமம் எல்லாத்தையும் கரையில இருக்கிற முளைக்கு வைங்க.”

மூத்தம்மா யோசித்தார். “முளைக்கு வச்சா போதுமா?”

“நீங்க சொன்னாப் போதும்.”

இப்படி ஒரு கெட்டிக்காரியை நான் அதுவரை பார்த்ததில்லை. பேசியது ரெண்டே பேச்சு. பேச்சு முடிந்தபோது மூத்தம்மா அவள் பக்கம் வந்துவிட்டார். மறுநாளே மூன்று முளைக்கும் மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் ஏறிவிட்டது. போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார்கள். எந்தப் பிள்ளையும் கயிற்றைத் தொடவில்லை. போலீஸ் போட்டிருந்தாலும் அப்படிக் காவல் கிடைத்திருக்காது.

சில நாளில் துணிகளை மதுரைக்கு எடுத்துப்போனாள். அடுத்து வந்தபோது, அதில் சிக்கிய கிருமியை வளர்த்து, மூடி ஓரம் ஒட்டிய மூன்று கண்ணாடித் தட்டுகள் கொண்டுவந்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டோம். தோப்புத் தட்டில் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி. கல்லடித் தட்டிலும் அணைத் தட்டிலும் இன்னொரு புள்ளி வைக்க இடமில்லை. ஈயின் முதுகு மாதிரிப் பச்சையாக மினுங்கியது.

“இது குடல்ல இருக்கிற கிருமி. மாட்டுக் குடல்லயும் இருக்கும், மனுசக் குடல்லயும் இருக்கும். ஆனா மாடு தோப்புலதான் மேயுது. தோப்புத் தட்டப் பாருங்க.”

தோப்புக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது எங்கள் தெரு மட்டும்தான். எங்கள் கக்கூஸ் குழாய்கள் எல்லாம் ஒரே சாக்கடையில் விழுந்து ஓடையில்தான் கலந்தன. மூத்தம்மாதான் வாயைத் திறந்தார்.

“அப்ப நம்மளதா?”

“நம்மளதுதான் பாட்டி.”

உங்களது என்று அவள் சொல்லவில்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. டைபாய்டுக் கிருமி கிடைத்ததா என்று கேட்டேன்.

“அது இதுல கிடைக்கலக்கா. கிடைக்காததக் கிடைச்சதாச் சொல்ல மாட்டேன். ஆனா அது வாற வழி இதுதான்.”

நான் பேசுவதற்குள் என் கடைக்குட்டி முன்னால் வந்து நின்றான்.

“அக்கா, நான் குதிக்கலாமா?”

“அணையில வேண்டாம்ல. தோப்புப் பக்கம் போய்க் குளி. தண்ணி வாயில போகக்கூடாது.”

“அங்க முட்டளவுதான் கெடக்கு.”

“அப்ப உங்க தெருவத் திருத்தச் சொல்லு. அடுத்த மழைக்கு வாரேன்.”

திருத்தினோம். அவன் விட்டால்தானே? வீடு வீடாகப் போய் நச்சரித்தான். கோடையில் கக்கூஸ் குழாய் ஓடைக்குப் போகாமல் வீட்டுக்கு வீடு குழி தோண்டி சிமெண்ட் உறை இறக்கினோம். முதலில் தோண்டியது மூத்தம்மா வீட்டில். மறுபடி ஐப்பசி மழை பிடித்ததும் அந்தப் பெண் சொன்னபடி வந்தாள். கட்டினாள், எடுத்துப் போனாள், தட்டைக் கொண்டுவந்தாள். அணைத் தட்டில் பச்சை இருந்தது, ஆனால் எண்ணிவிடுகிற அளவு.

“குடிக்கக் கூடாது. புது வெள்ளம் வந்தா கொஞ்ச நாள் இறங்கக் கூடாது. மத்தபடி குதிலே.”

சட்டையை என் கையில் எறிந்துவிட்டு ஓடினான். அணைச்சுவரில் ஏறிக் குதித்த சத்தம் எனக்குப் பின்வாசலில் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டது. அவள் என் கையில் கிடந்த சட்டையை வாங்கி மடித்து வைத்தாள்.

அவனுடைய மகள்தான் இதை எழுதுகிறவள். ஏட்டி, இம்புட்டும் எழுதிட்டியா? எங்கே, முதல்ல இருந்து வாசி கேப்போம். அந்த மஞ்சத்துணி வாற எடத்துல மட்டும் மெதுவா வாசி.