கீழே இருந்தவர்கள்

இத்தாலியின் பலெர்மோவில் நான் பராமரித்த முதியவர், இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள்மீது டார்பிடோ போட்ட விமானி. அது தெரிந்தபிறகு அவருக்குச் சூப் ஊட்டவே என் கை கூசியது. மன்னாரில் விமானக் குண்டுவீச்சில் தம்பியை இழந்தவள் நான்.

ஒரு மத்தியானம் வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறந்தது. என்னையறியாமல் மேசைக்கடியில் புகுந்துவிட்டேன். அவர் என்னையே பார்த்து, இத்தாலிய மொழியில் கேட்டார்.

"குண்டு விழேக்கை நீயும் கீழை இருந்தனியோ?"

"ஓம், சின்யோர்."

"கப்பல் எரிஞ்சதும் நான் திரும்பிட்டன். தண்ணியிலை கிடந்தவையைப் பாக்கேல்லை. அவை என்ன செய்திருப்பினம்?"

"ஆரையாவது கூப்பிட்டிருப்பினம். என்ரை தம்பி என்னைத்தான் கூப்பிட்டவன்."

அவர் அழுதார். தேற்ற மனம் வரவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை. பக்கத்திலேயே நின்றேன்.

எங்கள் ஊரில் குண்டு போட்ட விமானியும் யாரிடமாவது இப்படிக் கேட்டிருப்பானா என்று மனம் இன்னும் அலைகிறது.