கருவாட்டு நிபுணருக்கு வீடு பார்த்தது

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரம் ஒரு பங்களா. செங்கல்பட்டு வக்கீல் ஒருத்தர் கட்டினது. அதுக்கு நான் வாட்ச்மேன். வக்கீல் வருசத்துல எப்பவாவது வருவாரு. கேட்டுப் பக்கத்துல கொட்டாய் போட்டுக்கச் சொன்னாரு. போட்டுகினோம். கொட்டாய்க்கு முன்னாடி வெட்டவெளி மணல். என் பொஞ்சாதி அதுல கருவாடு காயப் போடுவா. வெயில் நல்லா விழும். ரோடும் கிட்ட. திருப்போரூர் வியாபாரி சைக்கிள்ல வந்து எடுத்துகினு போவாரு. என் சம்பளம் அரிசிக்கு. மீதி எல்லாம் அவ கருவாடு.

எழுபதுகள்ல ஒரு வருசம் அந்த பங்களாவை வெளிநாட்டு ஆபீஸ் ஒண்ணு வாடகைக்கு எடுத்துச்சு. பல தேசம் சேர்ந்து நடத்தற ஆபீசாம். அதுலேர்ந்து ஒரு தொரை வர்றாரு, சம்சாரத்தோட. இன்னா வேலைன்னு கேட்டேன். கருவாடு போடறது எப்படின்னு மீனவங்களுக்குக் கத்துக்குடுக்கப் போறாராம்.

என் பொஞ்சாதி சிரிச்சா. "கடல் தாண்டி வந்து இதையா கத்துக்குடுக்கணும்?"

தொரைக்கு முன்னாடி மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தரு வந்தாரு. சபாரி சூட்டு. வெளிநாட்டுக்காரங்களுக்கு வூடு பார்க்கறது, சாமான் எறக்கறது, யார் எங்க நிக்கணும்னு சொல்றது, இதான் அவரு வேலை. புரோட்டோகால்னு சொன்னாரு. அப்படின்னா இன்னான்னு கேட்டேன். "அவங்களுக்கு ஒரு கஷ்டமும் தெரியக் கூடாது. அதான்," என்றாரு. நல்ல வேலைதான்.

வந்தவரு கேட்ல நின்னு பார்த்தாரு. கண்ணுல மொத பட்டது எங்க கொட்டாய்.

"இது ஏம்பா இங்க இருக்கு?"

"நான் இங்க கீறேன் சார். அதனால இதுவும் இங்க கீது."

"கார் உள்ள நுழையும்போது இதான் தெரியும். பின்னாடி மாத்திடு."

பின்னாடி சவுக்குத் தோப்பு. வெயில் எறங்காது. என் பொஞ்சாதி சொல்லிப் பார்த்தா. "சார், அங்க நெழலு. கருவாடு காயாது, நாறும். காத்தும் அங்கேர்ந்துதான் வூட்டுக்கு அடிக்கும்."

"அம்மா, நான் வீட்டோட லுக்கைப் பத்திப் பேசறேன்."

"நான் மூக்கைப் பத்திப் பேசறேன் சார்."

அவரு கேக்கல. ஆளு வெச்சு மாத்தினாரு. தூக்கினவங்க ரெண்டு பானையைப் போட்டு உடைச்சாங்க. அன்னிக்கே லாரியில தொரை சாமான் வந்துச்சு. மரப்பெட்டி. பெட்டிக்குள்ள வைக்கோல், வைக்கோலுக்குள்ள காகிதம், காகிதத்துக்குள்ள ஒரு காபி கப்பு. அந்தக் கப்பை எறக்க நாலு பேரு நின்னாங்க. புரோட்டோகால் சார் மூச்சு விடாம பார்த்துகினு இருந்தாரு. "இடம் மாத்தறதுன்னா இப்படித்தான் கட்டணும்," என்றாரு என்னைப் பார்த்து. நான் உடைஞ்ச பானை ஓட்டைப் பொறுக்கினு இருந்தேன்.

தொரையும் தொரையம்மாவும் வந்தாங்க. மாலை, எளநீரு, சலாம். எனக்கு கேன்வாஸ் ஷூ குடுத்தாங்க. காலுக்குச் சின்னது. பின்பக்கத்தை மிதிச்சுகினு சலாம் போட்டேன். கடலைப் பார்த்த வூடுதான் வேணும்னு கேட்டு வாங்கினவங்களாம். வந்த மறுநாளே கடல் பக்க ஜன்னலுக்கு கனமா திரை போட்டாங்க. கண்ணு கூசுதாம். தொரை நல்ல மனுசன்தான். எதிர்ல பார்த்தா தலையாட்டுவாரு. அவ்ளோதான் எங்க பேச்சு.

கேட்டுப் பக்கத்துல நாங்க காயப் போட்டுகினு இருந்த மணல்ல தொரை மூங்கில் பரண் கட்டினாரு. மணல்ல போடாதீங்க, பரண் மேல போடுங்கன்றதுதான் அவரு பாடம். தப்பில்ல. ஆனா பக்கத்து மீனவக் குப்பத்துக்காரங்களைக் கூப்பிட்டு வெறும் பரணைக் காட்டித்தான் சொன்னாரு. மீனு போடல. அம்மாவுக்கு வாடை ஆகாது.

சவுக்கு நெழல்ல எங்க கருவாடு என் பொஞ்சாதி சொன்ன மாதிரியே ஆச்சு. பாதி காஞ்சு பாதி அழுகி. காத்து தெற்காலேர்ந்து எழுந்துச்சு. நேரா அம்மா படுக்கிற ரூமுக்குப் போச்சு. மறுநாள் காலையில புரோட்டோகால் சார் ஜீப்புல வந்து எறங்கினாரு.

"இனிமே இங்க மீன் காயப் போடக் கூடாது. மீறி வாடை வந்தா கொட்டாயைப் பிரிச்சுடுவேன். நீயும் வேற வேலை பார்த்துக்க."

"தொரை கருவாட்டுக்குத்தானே சார் வந்தாரு?" என்றேன்.

"அது ஆபீஸ் கருவாடு."

அப்போ என் பொஞ்சாதி முழுவாம இருந்தா. மழைக்காலம் கிட்ட வந்துகினு இருந்துச்சு. கடலுக்குப் போவ முடியாத மாசத்துக்குன்னு ஒரு மூட்டை நெத்திலி காயவெச்சு மேல கட்டித் தொங்க விட்டிருந்தா. கொட்டாய் பழைய எடத்துல இருக்கச்சொல்லோ போட்ட கருவாடு. அதான் எங்க கையில மிச்சம். புதுசா போட எடம் இல்ல. கொட்டாயும் போனா இன்னா பண்றதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கல. பேசி இன்னா ஆவப் போவுது.

அப்புறம் தொரைக்கு மேல இருக்கிற பெரிய தொரை வர்றாருன்னு சேதி. புரோட்டோகால் சாருக்குத் தூக்கம் போச்சு. குப்பத்துக்குப் போயி, கரையில ஒரு மீனு காயக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. பெரிய தொரை கண்ணுல அழுக்குப் படக் கூடாதாம். குப்பத்துல இருந்த கருவாட்டை வியாபாரிங்க மொத்தமா வாரினு போனாங்க. மணலைப் பெருக்கினாங்க. கடல் மணலை விளக்கமாத்தால பெருக்கினதை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

பெரிய தொரை வர்ற அன்னிக்குக் காலையில குப்பத்து ஆளுங்க கேட்டுகிட்ட வெள்ளை வேட்டியோட வரிசையா நின்னாங்க, கையில மாலை. எங்க தொரை பரணைப் பார்த்தாரு. கரையைப் பார்த்தாரு. முகம் செவந்து போச்சு. புரோட்டோகால் சார் கிட்ட இங்கிலீசுல ஏதோ கத்தினாரு. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா அது புரிஞ்சுது. பெரிய தொரை பார்க்க வர்றதே கருவாட்டை.

சார் சவுக்குத் தோப்புக்கு, எங்க கொட்டாய்க்கு ஓடி வந்தாரு. பூட்சு முழுக்க சவுக்குச் சருகு.

"அம்மா, கருவாடு இருக்கா?"

"ஆபீஸ் கருவாடா, எங்க கருவாடா?"

"ஏதோ ஒண்ணு. சீக்கிரம். கார் மாமல்லபுரத்துல நிக்குது, காபி சாப்பிடறாங்க."

"மூட்டை கீது. ஆனா தூக்கினு போவ முடியாது. கொட்டாய் இங்க கீதே."

அவருக்குப் புரியல. என்னைப் பார்த்தாரு. நான் சவுக்கைப் பார்த்தேன்.

"கொட்டாய் பழைய எடத்துக்குப் போனா மூட்டையும் கூடவே வரும் சார்," என்றா.

"நாளைக்கே மாத்தறேன். என் பொறுப்பு."

"பானை உடைச்சதும் உங்க பொறுப்புதான். இப்பவே."

சார் வாட்சைப் பார்த்தாரு. அப்புறம் வரிசையில நின்ன ஆளுங்களைக் கூப்பிட்டாரு. மாலையை எல்லாம் கேட்டுக் கதவு மேல தொங்க விட்டுட்டு வந்தாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டினாங்க. கீத்துக் கூரையை அப்படியே முழுசா தூக்கினாங்க. ஒரு மூலைக்கு ஆள் பத்தல. சபாரி சூட்டு அந்த மூலையைப் புடிச்சுச்சு.

"அண்ணாத்த, தோளைக் குடு, கையால புடிச்சா நிக்காது," என்றான் ஒருத்தன் சாரைப் பார்த்து. சார் தோளைக் குடுத்தாரு.

கூரை பாதி தூரம் வந்திருக்கும். கார் உள்ள நுழைஞ்சுது. மொத தெரிஞ்சது எங்க கொட்டாய்தான், நடந்து வந்துகினு. பெரிய தொரை எறங்கி நின்னாரு. கூரைக்கு அடியிலேர்ந்து சார் இங்கிலீசுல ஏதோ சொன்னாரு. பெரிய தொரை கை தட்டினாரு. போட்டோவும் புடிச்சாரு.

நெத்திலியைப் பரண் மேல பரப்பினோம். காஞ்ச கருவாட்டை மறுபடியும் காய வெச்சோம். பெரிய தொரை கிட்ட போயி பார்த்தாரு. கைக்குட்டையை மூக்குல வெச்சுகினு, ரொம்ப நல்லா காஞ்சிருக்குன்னு சொன்னாராம்.

அதுக்கு மேல கொட்டாயை யாரும் தொடல. போட்டோவுல விழுந்துடுச்சே. வெயில் கிடைச்சுது, கருவாடு காஞ்சுது. மழைக்கு முன்னாடி கூரைக்குப் புதுக் கீத்து மாத்தினேன். பொண்ணு அங்கதான் பொறந்துச்சு.

தொரைக்கும் அம்மாவுக்கும் அப்புறம் வேற தேசத்துக்கு மாத்தல் ஆச்சு. கப்பு காகிதத்துக்குள்ள போச்சு, காகிதம் வைக்கோலுக்குள்ள போச்சு. சார்தான் வந்து எல்லாம் கட்டினாரு. லாரி போன பிறகு ஜீப்புல ஏறாம நின்னுகினு இருந்தாரு.

"அம்மா, அந்த நெத்திலி கொஞ்சம் கிடைக்குமா? வீட்ல கேட்டாங்க."

என் பொஞ்சாதி எடுத்து வந்தா. காகிதத்துல சுத்தினா. அதுக்கு மேல இன்னொரு காகிதம். அதைச் சுத்தி வைக்கோல். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினா.

"இவ்ளோ எதுக்கும்மா?"

"இடம் மாத்தறதுன்னா இப்படித்தான் கட்டணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

வாங்கினு ஜீப்புல ஏறி மடியில வெச்சுகினாரு. ஜீப்பு போச்சு. கேட்டைச் சாத்திட்டு வந்து காயப் போட்டதைத் திருப்பி விட்டேன்.