ஐந்தாவது குழியின் படம்

உலு திராமில் நான் குடியிருக்கும் வரிசை வீட்டின் முன்பக்கச் சன்னலில் முப்பத்தாறு கம்பிகள். எண்ணுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. மின்னணுத் தொழிற்சாலையில் கியூசி என்கிற தரப் பரிசோதகனாக இருந்து, உருப்பெருக்கிக்கு அடியில் குறைகளை எண்ணியெண்ணியே ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான், மகள் தன் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னபோது, எழுத்தை விட்டுவிட்டுப் படங்களில் இருந்த துகள்களை எண்ணத் தொடங்கினேன்.

அவள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். செடெனாக் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து கொதிகலன் சாம்பலை அள்ளிவந்து, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்களைப் பிரித்தெடுக்கிறாள். ஆறு விதமான சூட்டில் வாட்டிய ஆறு மாதிரிகள். சூடு கூடக்கூடத் துகள் பருக்கிறது என்பது அவள் வாதம். ஓர் ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அது வெளிவந்தால்தான் பட்டம் கிடைக்கும். அச்சுப்படியைத் திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

மூன்றாவது மாதிரியின் படத்தில் எண்ணிக்கொண்டிருந்தபோது, துகள்களுக்கு நடுவே ஒரு பக்கம் கடித்த கெரோப்போக் அப்பளம் மாதிரி ஒரு சில்லு கிடந்தது. அதன் வாயருகே மூன்று உருண்டைகள். கடைசிப் பக்கத்தில் ஐந்தாவது மாதிரியின் படம். அங்கேயும் அதே கெரோப்போக், அதே மூன்று உருண்டைகள். பெரிதாக்கி, தலைகீழாகத் திருப்பியிருந்தது. இருந்ததை இருந்தபடியே போட்டிருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். திருப்பிப் போட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்கிறவன்தான் திருப்புவான்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என் பேப்பரையும் கியூசி பண்ணியாச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த அஞ்சாவது படம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"கட்டுரையைப் பரிசீலிச்சவங்க, அஞ்சாவது சாம்பிளை இன்னும் கிட்ட காட்டச் சொன்னாங்க. அப்ப எனக்கு டெங்கி. லேப்ல மைக்ராஸ்கோப் பாக்கற அண்ணன்தான் எடுத்து அனுப்பினாரு. மத்த படமெல்லாம் நான் கூட உக்காந்து எடுத்தது."

"வேலைய மிச்சம் பண்ண, பழைய படத்தையே வெட்டி அனுப்பிட்டாரா?"

"அவரு அப்படி ஆளு இல்லப்பா."

"அப்ப நீ வெட்டினியா?"

அவள் தாளை மேசையில் வைத்தாள். "என்னையா கேக்கறீங்க?"

ஆமாம், அவளைத்தான் கேட்டேன். தொழிற்சாலையில் என் தம்பி மகன் செய்த மின்சுற்றுப் பலகையையும் குறை கண்டு திருப்பி அனுப்பியவன் நான். கேட்காமல் விட்டால் வேறு எவனாவது எங்கோ உட்கார்ந்து இதே கெரோப்போக்கைக் கண்டுபிடிப்பான். பித்தலாட்டம் என்று எழுதுவான். வெளிவந்த கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். அதன் பிறகு அவள் பெயரோடு எது போனாலும் யாரும் நம்பமாட்டார்கள். அதைச் சொன்னேன். அவள் கார் சாவியை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

ஆய்வகத்தில் நுண்ணோக்கியை இயக்கும் அந்த அண்ணனுக்கு விடுமுறை நாளில் தன் மாமாவின் உணவுக்கடையில் கல்லா. மகள் படங்களைக் காட்டியதும் முகத்தைச் சுளித்தார்.

"அலமாக். ஒரே இடம்தான் இது. ஆனா நான் வெட்டலம்மா. தட்டுல அஞ்சாவது குழியில, சில்லு பளிச்சுன்னு தெரிஞ்ச இடத்தத்தான் எடுத்தேன்."

"யாரு பாத்தா?" என்றேன்.

"யாரும் பாக்கல அங்கிள். மெஷின் பாத்துச்சு. எப்ப எடுத்ததுன்னு மூலக் கோப்புல இருக்கும்."

மாதிரிகளை ஒட்டிவைக்கும் வட்டத் தட்டில் ஆறு குழிகள் உண்டாம். எண் கிடையாது. விளிம்பில் ஒரே ஒரு வெட்டு. அதற்கு நேரே இருப்பது முதல் குழி. அவர் ஒரு தட்டைக் கவிழ்த்து, மேலே ஆறு மிளகாய்ச் சம்பல் கிண்ணங்களை வட்டமாக வைத்து, ஒரு கரண்டியை வெட்டுக்குப் பதிலாகச் சாய்த்தார்.

"எப்படி ஒட்டினீங்க, எண்ணிக் காட்டுங்க."

மகள் கரண்டியிலிருந்து வலமாக எண்ணினாள். அவர் அதே கரண்டியிலிருந்து இடமாக எண்ணினார். அவருடைய ஐந்தாவது கிண்ணத்தில் அவர் விரல் நின்றபோது, அது அவளுடைய மூன்றாவது.

மகள் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். பிறகு அவர்தான் சொன்னார். "நீங்க கோயிலச் சுத்துற மாதிரி போட்டிருக்கீங்க. நாங்க காபாவச் சுத்துறது இந்தப் பக்கம். எனக்குக் கை அப்படியே போயிடும்."

"படம் ஏன் தலைகீழா இருக்கு?" என்றேன்.

"தட்ட எந்தப் பக்கம் திருப்பி உள்ள வச்சாலும் மெஷினுக்கு ஒண்ணுதான் அங்கிள், படம்தான் திரும்பிக்கும். இன்னும் நம்பலையா?"

"மூலக் கோப்பப் பாத்துட்டு நம்பறேன்."

"உங்கப்பா கஸ்டம்ஸ்ல இருந்தாரா?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, என் முன்னால் ஒரு கோப்பை தே தாரிக் தேநீரை வைத்தார்.

மறுநாள் மூலக் கோப்பை எனக்குக் காட்டினாள். இரண்டு படங்களுக்கும் தேதி வேறு வேறாகத்தான் இருந்தது. அச்சுப்படியை அவள் திருப்பி அனுப்பவில்லை. தன் பேராசிரியையிடம் சொல்லிவிட்டு, நடந்ததை அப்படியே ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதினாள். பேசாமல் படத்தை மாற்றி அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

ஆசிரியர் கட்டுரையை நிறுத்திவைத்து, மறுபடியும் பரிசீலனைக்கு அனுப்பினார். பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது. சரியான ஐந்தாவது குழியைப் புதிதாகப் படமெடுத்த அன்று, அவள் அதை அச்செடுத்து என் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"எண்ணுங்க."

எண்ணினேன். கெரோப்போக் இல்லை. துகள்கள் பருத்தே இருந்தன.

"இது அஞ்சாவதுதானே?"

"தட்டுல இப்ப சிவப்புல அம்புக்குறி போட்டிருக்கோம்பா. அண்ணனும் நானும் சேர்ந்து."

"எந்தப் பக்கம்?"

"வலப் பக்கம். அவரே விட்டுக்கொடுத்துட்டாரு."

கட்டுரை பிறகு வெளிவந்தது. அச்சில் வந்த எல்லாப் படங்களையும் இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் ஒன்றுபோல் இல்லை. அந்தத் தட்டை மட்டும் நான் இன்னும் என் கண்ணால் பார்க்கவில்லை. வெளியாட்களை ஆய்வகத்துக்குள் விடமாட்டார்களாம்.