பொம்மைதானே

பிரான்சிலிருந்து என் நாத்தனார் லீவுக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் தவறாமல் இருக்கும். அந்த வருஷம் கூடவே ஒரு வீடியோ கேசட்டும் இருந்தது. அங்கே டிவியில் ஓடிய பொம்மை நாடகத்தைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். "பாப்பாவுக்குத்தான். பொம்மை பார்த்த மாதிரியும் ஆச்சு, பிரெஞ்சு படிச்ச மாதிரியும் ஆச்சு" என்று என் கணவர் கையில் கொடுத்தார். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். முன்பு பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில், சாரம் என்கிற பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் அப்போது கேசட் போடுகிற டெக் இருந்தது.

பிரான்சு கேசட் நம் ஊர் டிவியில் கலராக வராது, கறுப்பு வெள்ளையில்தான் ஓடும். உள்ளே கையை விட்டு ஆட்டுகிற துணிப் பொம்மைகள். ஒரு கசாப்புக் கடைக்காரன், அவன் பெண்டாட்டி, தொப்பை வைத்த ஒரு பாதிரியார், ஒரு போலீஸ்காரன். கடைக்காரன் ஏதோ சொல்வான், கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பாதிரியார் பெண்டாட்டியின் பாவாடைக்குள் தலையை விடுவார், இன்னும் சிரிக்கும். எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் பாவாடைக்குள் தலையை விடுவதற்கு எந்த பாஷை வேண்டும்?

"என்னாங்க, இது புள்ளைங்க பாக்கற மாதிரியா இருக்குது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"பொம்மைதானேடி. பொம்மையில என்னா கெட்டுப் போவப்போவுது?" என்றார் அவர்.

பிரெஞ்சில் சொன்னால் திட்டுகூடப் படிப்பு என்று நினைக்கிற வீடு அது. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து போய்ச் சேர்ந்தவர். அந்த வழியில் என் கணவருக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உறுதியாகி வரத் தாமதமானது. அதனால் ஒன்பது வயசு மகளை அப்போதுதான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தோம். லீவு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறினால் இடம், இல்லையென்றால் இல்லை. அப்பாவை பப்பா என்றும் என்னை அம்மா என்றும் கூப்பிடுகிற பிள்ளை அவள். நானோ விழுப்புரத்துக்காரி. நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றதும் எங்கள் வீட்டில் வேறு எதையும் விசாரிக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால்.

ஆகவே தினமும் சாயங்காலம் கேசட் ஓடியது. பாப்பா அவள் அப்பாவின் பழைய சாக்ஸ் இரண்டை எடுத்து, பட்டன் வைத்துக் கண் தைத்து, தானும் பொம்மை ஆட்ட ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பிரெஞ்சில் ஏதேதோ பேசுவாள். படிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

லாஸ்பேட்டையில் ஒரு மதாம் வீட்டில் அவளுக்கு டியூஷன். அந்தம்மா தமிழச்சிதான், ஆனால் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பதால் எல்லாருக்கும் மதாம். ஒரு நாள் மொபெட்டில் பாப்பாவைக் கூட்டிவரப் போனபோது என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கூடப் படிக்கிற ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்துப் பாப்பா பிரெஞ்சில் ஏதோ சொல்லியிருக்கிறாள். அசிங்கமான பேச்சு.

"அந்தப் புள்ள இப்பத்தான் சேர்ந்துது, அதுக்கு ஒண்ணும் புரியல. புரியாம ஈன்னு சிரிச்சுது. அதாம்மா எனக்குத் தாங்கல" என்றார். "ஸ்கூல்ல கூப்புட்டுப் பேசச் சொல்றப்ப இப்படி ஒரு வார்த்த வாயில வந்துதுன்னா அவ்ளோதான், சேர்க்க மாட்டாங்க. எங்க கத்துக்கிட்டா?"

"கேசட்டு மதாம்" என்றேன் உடனே. நாத்தனார் கொண்டுவந்தது, அவர் போடச் சொன்னது, நான் அன்றைக்கே வேண்டாம் என்றது. எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஜெயித்த சந்தோஷம். அதை மறைப்பானேன்.

வீட்டில் சொன்னதும் அவர் மதாமைத்தான் திட்டினார். "அது ஒரு பத்தாம்பசலி. அதுக்கு என்னா தெரியும் காமெடியப் பத்தி?" என்றார். நாத்தனாரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் பிரெஞ்சு தெரிந்தவர்கள். தெரியாத நான் எதை வைத்துச் சண்டை போடுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். அதனால் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். என் கணவர் ஆபீஸ் போயிருந்த, நாத்தனார் துணி எடுக்கக் கிளம்பிய ஒரு காலையில் மதாமை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சில இடத்தில் அவரும் அறியாமல் சிரித்தார், உடனே வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். சில இடத்தில் "ஐயோ கடவுளே" என்றார். நான் டிவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, எப்போது அந்த வார்த்தை வரும், எப்போது கையும் களவுமாகப் பிடிப்போம் என்று உட்கார்ந்திருந்தேன். கேசட் கடைசிவரை ஓடித் தானாக நின்றது.

"இது பெரியவங்களுக்கு எடுத்தது. ஆளுறவங்கள, சாமியாருங்கள, புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்தக் கிண்டல் பண்றாங்க. நல்லாத்தான் பண்றாங்க. ஆனா கொழந்தைங்களுக்கு ஆகாது, நிறுத்திடுங்க" என்றார் மதாம். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா பாப்பா சொன்னது இதுல இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா மதாம்?"

"முழுசாப் பாத்துட்டேன். இல்ல."

பாப்பா மூலையில் உட்கார்ந்து சாக்ஸ் பொம்மைக்குத் தலைமுடி தைத்துக்கொண்டிருந்தாள். மதாம் அவளை அதட்டவில்லை. "அன்னிக்கி சொன்னியே, அத எந்தப் பொம்ம சொல்லும்? ஆட்டிக் காட்டு" என்றார். பாப்பாவுக்கு ஒரே குஷி. இரண்டு கையிலும் சாக்ஸை மாட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

ஆண் பொம்மை சாப்பிட உட்கார்ந்திருந்தது. பெண் பொம்மை தட்டு கொண்டுவந்து வைத்தது. ஆண் பொம்மை அதன் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டி, எதிரே இருக்கிறவர்களிடம் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். பாப்பாவே ஒவ்வொரு சிரிப்பாகச் சிரித்துக் காட்டினாள். அதில் ஒரு சிரிப்பு கடைசியில் இருமலாக முடிந்தது. என் நாத்தனார் அப்படித்தான் சிரிப்பார். பிறகு பெண் பொம்மையும் சிரித்தது, சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

மதாம் கேட்டார்: "திட்டு வாங்கினதே அவதான? அவ ஏன் சிரிக்கிறா?"

"அவளுக்குப் புரியாது மதாம். எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு அவளும் சிரிக்கிறா."

அந்த வாக்கியத்தின் அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் அதன் ராகம் தெரியும். பத்து வருஷமாகக் கேட்ட ராகம். பிரான்சிலிருந்து யாராவது வந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் பரிமாறுகையில் என் கணவர் அதைச் சொல்வார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு புன்னகை இருக்கும். என் சமையலைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கமாகக்கூட இருக்கும் எனக்கு.

"மதாம், அதுக்கு என்னா அர்த்தம்?"

"வேணாம்மா."

"சொல்லுங்க."

பாப்பாவை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மதாம் சொன்னார். "அடுப்பாண்ட நிறுத்தினா சமைக்கும், கட்டில்ல போட்டா படுக்கும், மாட்டுக்கு வாய் மட்டும்தான் இல்ல. அந்த மாதிரி. பிரெஞ்சுல இன்னும் மோசமா இருக்கும்."

அழுகை வரவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. எத்தனை தடவை சிரித்திருப்பேன் என்பதுதான் மனசில் ஓடியது. அதைவிட, பாப்பா எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று. அவளுக்கு முதலில் புரிந்திருக்காது. டியூஷன் போகப் போக ஒவ்வொரு வார்த்தையாகப் புரிந்திருக்கும். கடைசியில் ஒரு நாள் முழுசாகப் புரிந்திருக்கும். அன்றைக்கும் நான் தட்டோடு நின்று சிரித்திருப்பேன். என்னிடம் சொல்ல முடியாமல் பொம்மையிடம் சொல்லியிருக்கிறாள். பொம்மை போதாமல் அந்தச் சின்னப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதுவும் சிரித்திருக்கிறது.

கிளம்பும்போது மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேசட்ட மட்டும் எடுத்து வச்சிடுங்கம்மா" என்றார். பாவம், அவர் வேறு என்ன சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஊருக்குத் திரும்புகிறார் என்று விருந்து. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்தேன். என் கணவரின் பெரியப்பா மகனும் மனைவியும் வந்திருந்தார்கள். நான் மீன் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். என் கணவர் என் பக்கம் தலையைச் சாய்த்தார். அதே புன்னகை, அதே ராகம். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் சிரித்து இருமினார்.

நான் சிரிக்கவில்லை. பாப்பா சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

"என்னாது?"

"இப்ப சொன்னீங்களே, அத. தமிழ்ல சொல்லுங்க. எனக்கும் புரியணும்ல."

"ஏய், சும்மா தமாஷுடி" என்றார். புன்னகை இன்னும் முகத்தில்தான் இருந்தது. எடுக்கத் தெரியாமல் நின்றிருந்தது.

"இந்தத் தமாஷு கொழந்தைங்க பாக்கறதுக்கு ஆகாதுன்னு மதாம் சொல்லிட்டாங்க" என்றேன்.

கேசட்டைச் சொல்கிறேன் என்றுதான் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. குனிந்து மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார். பெரியப்பா மகன் மழை வருமா என்று யாரையோ கேட்டார். ரசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. பல நாள் எதுவுமே சொல்லவில்லை, எந்த பாஷையிலும். பாப்பாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அழகாகப் பேசினாளாம். எல்லாரும் கேசட்டுக்கு நன்றி சொன்னார்கள்.

அதற்கு முன்னால், விருந்துக்கு மறுநாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பாப்பா சாக்ஸ் பொம்மைகளோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. ஆண் பொம்மை அந்த வாக்கியத்தைச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். பெண் பொம்மை சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றது.

வெகுநேரம் அதை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் கை வலித்தோ என்னவோ என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்புறம் அவ என்னாம்மா பண்ணுவா?"

நான் இன்னொரு துணியை எடுத்து மடித்தேன். அவள் பொம்மையை இறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.