ஜமீன் பங்களாவின் முன்வாசல்

நேற்று குளியலறையில் பினாயில் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. துடைக்காமல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். என் முதல் வேலையின் வாசனை அது. கூடவே கொஞ்சம் பருத்திக்கொட்டை நெடியும் இருந்தால் எழுபதுகளின் பெரம்பலூர்ப் பக்கம் அப்படியே வந்துவிடும்.

செட்டிகுளத்தைத் தாண்டி ஒரு ஜமீன் பங்களா. ஜமீன் போனதும் பருத்திக் குடோன் ஆனது. அதுவும் நொடித்தபின் பிரசவ விடுதி. வெள்ளைப் புடவையும் விறைப்புமாக நர்ஸ் வேலைக்குப் போய் இறங்கிய எனக்கு, முதலில் கிடைத்த வேலை பஞ்சு பெருக்குவது. ஜமீன்தார் உட்கார்ந்து ஊரை ஆண்ட கூடம்தான் பிரசவ அறை.

அந்த வீட்டுக்குக் கூலி வேலை செய்த குடும்பங்கள் கொல்லைக் கதவு வழியாகத்தான் வருவார்கள். ஜமீன் ஒழிந்த பிறகும் வழி மாறவில்லை. நிறைமாதப் பெண்கள்கூட வயலைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். முன்வாசலில் வரச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். திருச்சியிலிருந்து வந்த பெண் ஏதோ சொல்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு ஐப்பசி மத்தியானம், விடாத மழை. பச்சையம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு ஏற்றிவந்த மாட்டுவண்டி கொல்லைப் பக்கம் திரும்பியது. அங்கே கரிசல் சேறு. சக்கரம் புதைந்தால் தாயும் பிள்ளையும் வண்டியிலேயே கிடக்க வேண்டியதுதான். ஓடிப்போய் மாட்டை மறித்தேன். ஓடினேன் என்பது கௌரவத்துக்கு, பாதித் தூரம் வழுக்கியே போனேன்.

அவள் மாமியார் கும்பிட்டார். “முன்வாசல்ல நாங்க ஏறுனதில்லீங்க நர்ஸம்மா. பின்னாடியே போயிடுறோங்க.”

வண்டி ஓட்டிய புருஷன் என்னையும் தன் தாயையும் மாறி மாறிப் பார்த்தான். நான் முன்வாசலைக் காட்டியபடியே மாட்டை மறித்து நின்றேன். வண்டிக்குள்ளிருந்து பச்சையம்மாள்தான் பேசினாள்.

“முன்னாடியே ஓட்டுங்க. எம்புள்ள சுத்திக்கிட்டெல்லாம் வராது.”

வண்டி திரும்பியது. கூடத்தில் கிடத்திக் கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. அது வீறிட்ட வீறல் பங்களா முழுக்கக் கேட்டது. படியிலேயே நனைந்துகொண்டு நின்ற மாமியார் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். ஊருக்குப் போகும்போது பேத்தியை ஏந்திக்கொண்டு முன்படியில்தான் இறங்கினார், அவசரமே இல்லாமல், தெருவே பார்க்க. அப்புறம் வந்த வண்டியெல்லாம் முன்வாசலில்தான் நின்றது.

பங்களாவை இடித்துப் பல வருஷமாகிறது. தேக்குத் தூண்கள் போயிற்றே என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்த வருத்தம் வந்ததில்லை. இடிப்பதற்கு வெகுகாலம் முன்பே கொல்லை வழியில் நெருஞ்சி மூடிவிட்டது. கதவும் மழையில் ஊறி இறுகிப்போனது. அதைத் திறக்கச் சொல்லி யாருமே கேட்கவில்லை.